பாறைக் கள்ளியும் வேளார் தொட்டியும்

கொட்டாம்பட்டி வெயிலுக்குக் கள்ளி சாகாது. சித்திரை மத்தியானத்தில் மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியாத சூட்டிலும் அது நின்ற இடத்தில் நிற்கும். ஆனாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் ஆசைப்பட்டு வாங்கி வைத்த கள்ளிகளில் பல, இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அடித்தண்டு கொழகொழத்து, தொட்டால் தோல் கையோடு வரும். "வெயில் தாங்கலையோ என்னமோ டீச்சர்" என்பார்கள். நான் முதலில் தொட்டியைத் திருப்பிப் பார்ப்பேன். கண்ணாடிபோல் மினுக்கும் பீங்கான் தொட்டி. அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை, சிலவற்றில் அதுவும் இருக்காது. செடியைக் கொன்றது தண்ணீர். அதற்குத் துணைபோனது தொட்டி.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் குடும்பத்துக்குக் கயிறு திரிக்கும் தொழில். எங்கள் ஊரிலும் பக்கத்துச் சிங்கம்புணரியிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது தென்னை நாரால்தான். கயிற்றுக் களத்தின் தெற்கு ஓரம், காலையிலிருந்து மாலை வரை வெயில் விழும் இடம், என் கள்ளிகளுக்கு. வந்தவர்கள் எல்லாரும் அவற்றில் ஒன்றைத்தான் நின்று பார்ப்பார்கள். செரியஸ் இனத்துக் கள்ளி அது. சாதாரண செரியஸ் நேரான வரிகளோடு தூண்போல வளரும். வயதானால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். இது அப்படி இல்லை. முடிச்சு முடிச்சாக, மடிப்பு மடிப்பாக, எந்தத் திசையில் வளர்வது என்று முடிவெடுக்காதது போல எல்லாத் திசையிலும் புடைத்து நிற்கும். நிறம் நீலம் கலந்த பச்சை. முள் குட்டை, அதுவும் அங்கொன்று இங்கொன்று. நர்சரிக்காரர்கள் 'மான்ஸ்ட்ரோஸ்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாறைக் கள்ளி.

இந்த உருவம் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. மருந்து போட்டு வளைத்தார்களா, கம்பி கட்டினார்களா என்று சந்தேகப்படுவார்கள். ஒன்றும் செய்யவில்லை. எந்தச் செடிக்கும் நுனியில் ஒரு வளர்முனை இருக்கிறது. புது உயிரணுக்கள் பிறப்பது அங்கேதான். அந்த முனை தலைமை தாங்கும்வரை, பக்கத்து மொட்டுகள் அடங்கி இருக்கும். தண்டு நேராகப் போகும். பாறைக் கள்ளியில் இந்தத் தலைமை குலைந்துவிட்டது. முள் முளைக்கும் ஒவ்வொரு கண்ணும் தானே நுனியாகப் பார்க்கிறது. அதனால்தான் அந்தப் புடைப்புகள். இன்னொரு வகைக் கோளாறும் உண்டு: வளர்முனை ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டுவிடும், செடி சேவல் கொண்டைபோல விசிறி விரியும். இரண்டுமே இயற்கையில் எப்போதாவது நேர்வது. நோய் என்று சொல்வதற்கில்லை. தண்டை வெட்டி நட்டால் அதே உருவம் தொடர்ந்து வரும். எங்கோ தென் அமெரிக்கச் செடி ஒன்றில் ஏற்பட்ட அந்தக் குலைவு, வெட்டி வெட்டி நடப்பட்டு, கைமாறிக் கைமாறி எங்கள் களத்துக்கு வந்திருக்கிறது.

தென் அமெரிக்கா என்றேன். கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள். ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் மரங்களில் தொற்றித் தொங்கும், ரிப்சாலிஸ் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு இனம்தான் விலக்கு. அப்படியானால் நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம்? அவை ஆமணக்குக் குடும்பம். வறட்சிக்கு ஏற்றபடி தண்டு தடித்து, இலை சுருங்கி, பார்வைக்குக் கள்ளிபோல ஆனவை. குறுந்தொகையின் பாலை வழியில் பல்லி இருந்து ஒலிக்கும் கள்ளியும், புறநானூற்றுச் சுடுகாட்டுக் கள்ளியும் இந்த நாட்டுக் கள்ளிகளாகத்தான் இருக்க முடியும். அமெரிக்கக் கள்ளி கப்பலேறி வர அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. நாட்டுக் கள்ளியைக் கீறினால் பால் வடியும். அமெரிக்கக் கள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீரான சாறுதான். அமெரிக்கக் கள்ளியின் முட்கள் பஞ்சு மெத்தை வைத்தாற்போன்ற ஒரு கண்ணிலிருந்து கொத்தாக முளைக்கும்; நம்முடையதில் அந்தப் பஞ்சுக் கண் கிடையாது.

பால் என்றதும் மதுரை மாவட்டத்துக்காரியான எனக்கு ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் கொடுத்த செய்தி 1980-களில் நாடு முழுக்கத் தெரியவந்தது. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் செடியின் படத்தைக் கரும்பலகையில் வரைவது எனக்கு எந்த வருடமும் லேசாக இருந்ததில்லை. "முள்ளுச் செடி நடு வீட்டுக்கு ஆகாதுத்தா" என்று என் மாமியார் சொன்னபோதும் நான் வாதாடவில்லை. எத்தனையோ பயங்கள் சேர்ந்து அந்தச் சொல்லாக வந்திருக்கும். செடிகளைக் களத்துப் பக்கம் வைத்துக்கொண்டேன். பின்னொரு நாள், அத்தை ஆசையாக வளர்த்த பிரம்ம கமலமும் அமெரிக்கக் கள்ளிதான் என்று சொன்னேன். ராத்திரி விழித்திருந்து அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுக் காட்டும் அந்தப் பூ, மெக்சிகோப் பக்கத்துக் காடுகளில் மரத்தின்மேல் வளரும் கள்ளியினுடையது. இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அதற்குப் பிறகு பாறைக் கள்ளிக்கும் அத்தை கையால் தண்ணீர் விழுந்தது.

அமெரிக்கக் கள்ளி நம் மண்ணுக்கு வந்த கதையை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர், சென்னைச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். நோக்கம், கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை வளர்ப்பது. அந்தப் பூச்சியை நசுக்கினால் கிடைக்கும் சிவப்புச் சாயத்துக்கு ஐரோப்பாவில் பொன் விலை. ஸ்பானியர்கள் அந்த வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். 1795-இல் ஒரு கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொண்டுவந்த பூச்சி நல்ல சாய ரகம் இல்லை; மட்டமான இனம். சாயத் தொழில் தேறவில்லை. ஆனால் அது கள்ளியைத் தின்பதில் தேறியது. 1836 முதல் 1838 வரை அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, காடாக மண்டியிருந்த ஒரு வகைக் கள்ளியை அழிக்கப் பயன்படுத்தினார்கள். பூச்சியை வைத்துக் களையை ஒழிக்கும் முறைக்கு உலகின் முதல் சான்றுகளில் ஒன்றாக இன்றும் இதைப் பாடப்புத்தகங்களில் எழுதுகிறார்கள். அந்தப் பூச்சி தொடாத இன்னொரு சப்பாத்திக்கள்ளி அடுத்த நூற்றாண்டில் மேய்ச்சல் நிலங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வரவழைக்கப்பட்டது. சில வருடங்களில் அந்தக் காடும் சரிந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் ஓடைக் கரையில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். நகத்தால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு.

இந்தக் கதை தொட்டியில் கள்ளி வளர்ப்பவருக்கும் வேண்டியதுதான். கொச்சினீலுக்குத் தூரத்து உறவான மாவுப்பூச்சிதான் பாறைக் கள்ளிக்கு முதல் எதிரி. அதன் மடிப்புகள் அந்தப் பூச்சிக்கு நல்ல மறைவிடம். வாரத்துக்கு ஒருமுறை மடிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். எண்ணெய்ப் பூச்சோடு வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும்.

இனித் தொட்டிக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

மானாமதுரை எங்களுக்குத் தூரமில்லை. மேலூர், சிவகங்கை வழியாகப் போனால் வைகைக் கரையில் அந்த ஊர். அங்கே செய்யும் கடத்தின் நாதத்தைக் கச்சேரி மேடைகள் அறியும்; கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாள் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் தொட்டி செய்யச் சொல்லும் வேளார் அண்ணன் கடம் செய்பவர் இல்லை. பொங்கல் பானை, கார்த்திகை விளக்கு, கோடையில் தண்ணீர்ப் பானை, திருவிழாவுக்கு முளைப்பாரி ஓடு, கேட்டால் ஐயனார் கோயில் புரவி என்று செய்கிறவர். கள்ளிக்குத் தொட்டி வேண்டும் என்றதும் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று: "அந்தச் செடிக்குத் தண்ணி நிக்கணுமா, போகணுமா டீச்சரம்மா?" நர்சரிகளில் யாரும் இதைக் கேட்பதில்லை.

"போகணும்ணே. நாலு பக்கமும் போகணும்."

"அப்ப உமி கலக்குவோம். குதிரைக்குக் கலக்குற மாதிரி."

புரவிக்கு மண் பிசையும்போது உமியோ வைக்கோல் துணுக்கோ சேர்ப்பார்கள். கனத்த உருவம் காய்கையில் வெடிக்காமல் இருக்க அது உதவும். சூளையில் உமி எரிந்து போய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். கள்ளித் தொட்டிக்கு வேண்டியதும் அதே துளைகள்தான். கண்மாய்க் களிமண்ணை உலர்த்தி, உடைத்து, ஊறவைத்து, கல் பொறுக்கி, மணல் சேர்த்து மிதித்த பிறகு, சலித்த உமியைக் கொஞ்சமாகத் தூவி மறுபடி மிதித்தார். அளவு கூடினால் சுவர் பொலபொலத்துவிடும். அந்த அளவு அவர் காலுக்குத் தெரிந்திருந்தது.

சக்கரத்தில் வனையும்போது வாய்தான் முதலில் உருவாகும். அடி திறந்தே இருக்கும். ஈரம் பாதி வற்றிய பதத்தில் எடுத்து, உள்ளே வழுவழுப்பான கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். மண் இறுகுவது அந்தத் தட்டில்தான். அச்சில் ஊற்றிய தொட்டிக்கு இந்த இறுக்கம் வராது. அடி மூடியதும் மூங்கில் குச்சியால் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் சிறியதாக மூன்று. அப்புறம் கால்கள். மூன்று குட்டைக் கால் வைக்கச் சொன்னேன். தரையோடு ஒட்டி உட்காரும் தொட்டியில் எத்தனை துளை இருந்தும் பயனில்லை. தண்ணீர் இறங்கி ஓட இடம் வேண்டும், அடியில் காற்றும் நுழைய வேண்டும்.

வடிவத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன்: வாய் குறுகக் கூடாது. வயிறு பெருத்து வாய் சிறுத்த பானைதான் கண்ணுக்கு அழகு. அவர் கையும் தன்போக்கில் அங்கேதான் போகும். ஆனால் அதில் வேர் பரவிவிட்டால் மண் மாற்றும் நாளில் செடியை வெளியே எடுக்கப் பானையை உடைக்க வேண்டும். வாய் அகன்று, அடி சற்றே ஒடுங்கி இருந்தால் கவிழ்த்துத் தட்டியதும் மண்கட்டி முழுசாக வரும்.

வேலைப்பாடு என்ன வேண்டும் என்று கேட்டார். பூ, கொடி எதுவும் வேண்டாம் என்றேன். உருவமே கூத்தாடும் செடிக்குக் கீழே இன்னொரு அலங்காரம் இருந்தால் கண் எதைப் பார்க்கும்? எங்கள் களத்தில் திரித்த இரண்டு புரிக் கயிறு பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். பச்சைத் தொட்டியின் இடுப்பில் கயிற்றைச் சுற்றிப் பலகையால் மெல்லத் தட்டி உரித்தார். புரியின் ஒவ்வொரு முறுக்கும் மண்ணில் பதிந்திருந்தது. எங்கள் ஊர் நாரும் அவர் ஊர் மண்ணும் சேர்ந்த அந்தத் தொட்டியைப்போல் என் வீட்டில் எனக்குப் பிடித்த பொருள் வேறில்லை.

மழையும் ஈரக்காற்றும் இல்லாத நாளில் நிழலில் காயவைத்து, பிறகு வெயிலில் காட்டி, தேங்காய் மட்டையும் விறகும் வைக்கோலும் அடுக்கிச் சூளை மூட்டினார்கள். இந்த வகைச் சூளையில் வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். மண் சுட்டு இறுகும். ஆனால் உருகி ஒட்டிக் கண்ணாடியாகாது. அதனால்தான் மண்பானைத் தண்ணீர் சுவர் வழியே கசிந்து, காற்றில் ஆவியாகி, பானையைக் குளிர வைக்கிறது. கள்ளித் தொட்டியிலும் அதுதான் நடக்கும். ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு சுவர் வழியாகவே போய்விடும். வேருக்குக் காற்று கிடைக்கும், சுவரும் சூடேறாது.

மெருகிட்ட பீங்கான் தொட்டி கூடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் இருந்து இந்தியாவில் கைவினைப் பீங்கான் செய்யும் ஒரு தலைமுறையே கிளம்பியது. அந்த வகைத் தொட்டி 1,200 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. அந்தச் சூட்டில் மண்ணின் துகள்கள் உருகிச் சேர்ந்துவிடும். சுவர் வழியே ஒரு சொட்டும் போகாது. அதன் நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதில் கள்ளி வைப்பவர், துளை பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து, மண்ணில் கல் பங்கைக் கூட்டி, மண்தொட்டிக்கு விடும் தண்ணீரில் பாதியோடு நிறுத்தினால் செடி நன்றாகவே வாழும். ஐப்பசி அடைமழையில் வெளியே வைப்பதானால் மட்டும் என் ஓட்டு வேளார் தொட்டிக்கு.

புதுத் தொட்டியை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல். செடி வைக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்துக் காயவிடுங்கள். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. சில மாதத்தில் தொட்டிச் சுவரில் வெள்ளை படியும். அது மண்ணுக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடிய உப்பு வெளியே வந்தது என்பதால் எனக்குச் சந்தோஷம்தான். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவேன். முடிந்தபோதெல்லாம் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்.

மண் கலவைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. மேலூர் வட்டாரம் முழுக்கக் கருங்கல். கிரஷரில் கிடைக்கும் பொடிக் கல்லை இரண்டு சல்லடையில் சலித்து, மாவையும் பெருங்கல்லையும் ஒதுக்கிவிட்டு, மிளகு அளவில் இருப்பதை எடுத்துக்கொள்வேன். மாவு கலந்தால் சிமென்டுபோல் இறுகும். அந்தக் கல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு கை அடுப்புக்கரித் துண்டு, சிறிது வேப்பம் பிண்ணாக்கு. தென்னை நார்க்கழிவு எங்கள் வாசலிலேயே மலையாகக் கிடக்கிறது. ஆனாலும் கள்ளிக்கு நான் சேர்ப்பதில்லை. பச்சை நார்க்கழிவில் உப்பு அதிகம்; தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜாவுக்கும் கத்தரி நாற்றுக்கும் மக்கவைத்துப் போடலாம். அடியில் ஒரு சாண் கல் நிரப்பும் பழக்கமும் வேண்டாம். மேல்மண்ணின் ஈரம் கல் வரை வந்து அங்கேயே தேங்கும். துளைக்கு மேல் ஒரு ஓட்டுத் துண்டைக் கவிழ்த்தால் போதும்.

பாறைக் கள்ளியைத் துண்டு வெட்டி நடலாம். சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் பத்து நாளாவது காயவிட்டு, வெட்டுவாய் தோலாக இறுகிய பிறகே நடவேண்டும். நட்ட உடனே தண்ணீர் வேண்டாம். நர்சரியில் நிழல் வலைக்குள் இருந்த செடியை நேரே உச்சிவெயிலில் வைத்தால் மஞ்சளாக வெந்து தழும்பு விழும், அது ஆறாது. இரண்டு மூன்று வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில்.

தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேச, முதலில் கள்ளி எப்படி மூச்சுவிடுகிறது என்று சொல்லவேண்டும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை எடுக்கும். கூடவே ஈரமும் போகும். கள்ளி பகலெல்லாம் துளையை மூடிவைத்து, இரவில் திறக்கிறது. எடுத்த கரியமில வாயுவை ஒரு புளிப்பு அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகிறது. இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் கும்பினித் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன். 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்த அவர் கடிதம், ஒரு செடியின் இலை காலையில் புளிப்பதையும் நடுப்பகலில் சுவையற்றுப் போவதையும் சொல்கிறது. அந்தச் செடி, நாம் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்த்த ரணகள்ளி. என் மாணவர்கள் விடியற்காலையில் பறித்த இலையையும் மாலையில் பறித்த இலையையும் அரைத்து பிஎச் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாறியிருக்கும். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கண்டுபிடிப்பு அந்தப் பிள்ளைகள் கையில் மறுபடி நடக்கும்.

ஆக, கள்ளிக்கு வேலை நேரம் இரவு. இரவு குளிர்ந்தால் நன்றாக உழைக்கும். அக்கினி நட்சத்திரத்து ராத்திரிகளில் காற்றே வெந்து கிடக்கும். அப்போது அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வெயில் அதிகம் என்று நாம் இரக்கப்பட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுவது அந்த நேரத்தில்தான். வேண்டாம். கோடையில் மண் முழுதும் காய்ந்த பிறகு, சாயங்காலம், அடித்துளையில் வழியும்வரை ஒருமுறை. மண்தொட்டியில் அது வாரம் ஒருமுறையோ பத்து நாளோ ஆகும். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை தானே பார்த்துக்கொள்ளும். மதுரைப் பக்கத்தில் வருடம் பெய்யும் சுமார் 850 மில்லிமீட்டர் மழையில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டிவிடும். அந்த மாதங்களில் செடியைத் தாழ்வாரத்துக்குள் தள்ளி, தண்ணீரை மறந்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அழுகல் தொடங்கிவிட்டால் தயங்காதீர்கள். பழுப்பு நிறம் முழுதும் போய் வெள்ளைச் சதை தெரியும்வரை மேலே மேலே வெட்டி, கந்தகத் தூள் தடவிக் காயவைத்து, மீதியை நடுங்கள். பாறைக் கள்ளிக்கு ஒவ்வொரு முடிச்சும் ஒரு செடி.

வாங்கும்போது சில விஷயங்கள். சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் உட்கார்ந்த கள்ளிகள் எல்லா நர்சரியிலும் இருக்கின்றன. அந்த உருண்டை, பச்சையமே இல்லாமல் பிறந்த ஒரு ஜிம்னோகலிசியம் கள்ளி. ஜப்பானில் 1940-களின் தொடக்கத்தில் கண்டெடுத்து, வேறொரு கள்ளியின் மேல் ஒட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். தனியாக உயிர் வாழ அதற்கு வழியில்லை. சில வருடங்களில் ஒட்டு விட்டுவிடும். தெரிந்து வாங்குங்கள். பசையால் காய்ந்த பூ ஒட்டியதும் சாயம் அடித்ததும் வேண்டவே வேண்டாம். பவளக்கொத்துப்போல விரியும் 'கோரல் கேக்டஸ்' கள்ளியே அல்ல. அதன் கீழ்ப்பாதி பெரும்பாலும் நம் இலைக்கள்ளி. உடைந்தால் பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வித்தியாசமான உருவம் தேடுபவர்கள் இங்கேயே கள்ளிமுளையானைப் பார்க்கலாம். நாலு பட்டையாக, இலையில்லாமல், பாறை இடுக்கில் நிற்கும். நம் பாட்டிகள் துவையல் அரைத்த செடி. ஆனால் அதை மலையிலிருந்து பெயர்க்காதீர்கள். எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193.42 எக்டேர் 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அவ்வளவு பேர் நின்று காத்த பாறையிலிருந்து ஒரு செடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவது எனக்குப் பொறுக்காது. வெளிநாட்டுக் கள்ளிகளுக்கும் இதே நியாயம். கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. காட்டில் தோண்டியதா, விதையிலோ துண்டிலோ வளர்த்ததா என்று விற்பவரைக் கேளுங்கள்.

தொட்டி வேண்டுபவர்கள் வேளார் குடும்பத்திடம் மாசியிலோ பங்குனியிலோ போங்கள். பொங்கல் பானை வேலை முடிந்திருக்கும், மண் நன்றாகக் காயும் காலமும் அதுதான். மழை மாதங்களில் அவர்களால் காயவைக்கவோ சூளை மூட்டவோ முடியாது; அந்த மாதங்களின் வருமானத்துக்குக் கோடையில் வாங்கும் முன்பணம்தான் ஈடு. செடியின் அகலத்தை நூலால் அளந்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரற்கடை கூட்டி எடுத்துப் போங்கள். மண் காய்ந்து சுட்டு வரும்போது பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய் அகலம், அடியில் கட்டைவிரல் துளை, மூன்று கால், உமி கலந்த மண். விலையில் அடித்துப் பேசாதீர்கள். ஒரு சூளையில் வெடித்துப்போகும் தொட்டிகளின் கூலியும் நல்ல தொட்டியின் விலைக்குள்தான் இருக்கிறது. ஒன்று கேட்டால் இரண்டாகச் செய்யச் சொல்லுங்கள்; மூன்றாம் வருடம் பாறைக் கள்ளிக்கு அடுத்த அளவுத் தொட்டி தேவைப்படும்.